ரெம்ப்ராண்டின் வலம்புரி

1650இல் ரெம்ப்ராண்ட் ஒரு சிப்பியை வரைந்தார். கோனஸ் மார்மோரியஸ் என்ற கூம்புச் சங்கு. கருத்த உடம்பில் கூடாரம் கூடாரமாக வெள்ளைத் திட்டுகள். உள்ளங்கை அகலமே உள்ள செம்புத்தகட்டு அச்சுப்படம், எட்சிங் என்பார்களே அது. நூற்றுக்கணக்கான எட்சிங்குகள் செய்தவர், உயிரற்ற ஒரு பொருளை மட்டும் வைத்து அந்த முறையில் செய்த படம் இது ஒன்றுதான்.

அந்தச் சங்கு நம் பக்கத்துக் கடல்களில் வாழ்வது. இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக் வரை பரவிக் கிடப்பது. ஆம்ஸ்டர்டாமுக்கு அது கப்பலேறித்தான் போயிருக்க முடியும்.

படத்தில் ஒரு கோளாறு உண்டு. செம்புத் தகட்டில் கீறுவது தாளில் அச்சாகும்போது இடவலம் மாறிவிடும். ரெம்ப்ராண்ட் மேசையில் இருந்த சங்கைக் கண்ணால் பார்த்தபடியே தகட்டில் கீறிவிட்டார். விளைவு, தாளில் சங்கின் சுழி தலைகீழாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கையெழுத்தை மட்டும் அவர் தகட்டில் திருப்பி எழுதியிருக்கிறார். அதனால் பெயரும் ஆண்டும் தாளில் நேராக விழுந்திருக்கின்றன. சங்கு திரும்பினால் பரவாயில்லை, பெயர் திரும்பக் கூடாது!

நான் வரையத் தெரியாதவன். பள்ளியில் அறிவியல் நோட்டில் வரைந்த செம்பருத்தியின் குறுக்குவெட்டுதான் என் ஓவிய வாழ்க்கையின் உச்சம். பிறகு இன்ஜினியரிங், வேலை, திரை. ஆனால் படம் பார்ப்பது பிடிக்கும். என்னைப் போன்றவர்கள் படம் பார்க்கக் கற்றுக்கொள்ளும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. வானம் சுழன்றால் வான்கோ. இடப்பக்கம் ஜன்னல், அமைதியாக ஒரு பெண் என்றால் வெர்மீர். இருட்டிலிருந்து முகம் மட்டும் எழுந்து வந்தால் ரெம்ப்ராண்ட். கோடு வேர்போல ஓடி முடிச்சு விழுந்தால் நம்ம ஆதிமூலம். ஒருவருக்கு ஒரு பாணி. பாணி என்பது பெயர் போடாத கையெழுத்து. இது தவறு என்று சொல்ல மாட்டேன். நல்ல வாசல்தான். ஆனால் அந்த வாசல் வழியாக நுழையவே முடியாத ஒரு பெரிய ஓவியக்கூடம் சென்னைக்குக் கொஞ்சம் வடக்கே இருந்திருக்கிறது.

பழவேற்காட்டு ஊரிலிருந்து ஏரிப் பாலத்தைத் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். மேற்கே ஏரி, கிழக்கே கடல், நடுவே மணல். வரிசையாக மீனவக் குப்பங்கள், கலங்கரை விளக்கம், வலை பின்னும் ஆட்கள். பார்வையாளர்கள் பொதுவாக ஊருக்குள் இருக்கும் டச்சுக் கல்லறையைப் பார்த்துவிட்டு, வாசல் வளைவில் நிற்கும் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகளோடு படம் எடுத்துக்கொண்டு, நேரமிருந்தால் இந்தப் பக்கம் வருவார்கள். கோட்டையைப் பார்க்கலாம் என்றால் அது புதராகிக் கிடக்கிறது.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே காலூன்றியது 1610இல். ரெம்ப்ராண்டுக்கு அப்போது நான்கு வயது. 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையில் கம்பெனியின் மூளை இந்த மணல்திட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதாவது ரெம்ப்ராண்டின் முழு ஓவிய வாழ்க்கையும், வெர்மீரின் முழு ஆயுளும், பழவேற்காட்டின் டச்சுப் பொற்காலத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

குப்பத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக்கொடுத்தபோது, செல்பேசியில் ரெம்ப்ராண்டின் சங்கைக் காட்டினேன். யார் வரைந்தது, எந்த ஊர் எதுவும் சொல்லவில்லை. வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"சுழி மாறி இருக்குதே தம்பி. வலம்புரியா?"

"இல்லண்ணே, படம்தான். வரைஞ்சவர் திருப்பிப் போட்டுட்டார்."

"அப்ப சரி. நெசமா இருந்தா இத வித்தே ஊடு கட்டிரலாம்."

விலங்கியல் கணக்கில் இடப்பக்கச் சுழி என்பதைத்தான் நம் வழக்கில் வலம்புரி என்கிறோம். லட்சத்தில் ஒன்று. ரெம்ப்ராண்ட் தெரியாமல் ஒரு வலம்புரி செய்துவிட்டார். கலை வரலாற்று நூல்கள் ஒரு பத்தியில் விளக்கும் விஷயத்தை அவர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். படம் பார்க்க ஓவியம் தெரிய வேண்டியதில்லை, வரையப்பட்ட பொருளைத் தெரிந்திருந்தாலே பாதிக்கிணறு தாண்டிவிடலாம் என்று அப்போது தோன்றியது. மீதிப் பாதிக்கு, படம் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிய வேண்டும்.

இப்போது அந்த ஓவியக்கூடத்துக்கு வருகிறேன். டச்சுக்காரர்கள் இங்கே வந்தது துணிக்காக. குறிப்பாக, வரைந்த துணிக்காக. அவர்களுக்கு நூறு ஆண்டுகள் முன்பே, 1516ஐ ஒட்டி எழுதிய போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா, பழவேற்காட்டில் ஏராளமாகச் சித்திரத் துணி செய்யப்படுவதையும், அது மலாக்கா, பெகு, சுமத்திரா வரை நல்ல விலைக்குப் போவதையும் குறித்திருக்கிறார். இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க வேண்டுமென்றால் வெள்ளியைவிட இந்தத் துணியைத்தான் கேட்டார்கள். டச்சுக்காரர்களின் மொத்தக் கணக்கே இதுதான்: இங்கே துணி வாங்கு, அங்கே மசாலா வாங்கு, ஊரில் விற்றுப் பணமாக்கு. ஊரின் பெயரே சரக்கின் பெயராகிவிட்டது. மலாய் மொழியில் கட்டம்போட்ட லுங்கிக்கு இன்றும் 'கைன் பெலிக்கட்', அதாவது பழவேற்காட்டுத் துணி. ஆனால் அது நெய்த துணி. நான் பேசுவது எழுதுகோலால் வரைந்த துணியை. நம் பாட்டிமார் சீட்டித்துணி என்பார்களே, அதன் மூதாதை.

என் ஆளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு இங்கேதான் உடைகிறது. சோழமண்டலக் கரைக்காரர்கள் சயாமுக்கு ஒரு மாதிரி வரைந்தார்கள். அயுத்யா அரசவையின் சொந்த வடிவங்கள், அரசவைக்கே உரியவை. சுலவேசித் தீவின் தொராஜா மக்களுக்கு வேறு மாதிரி. அங்கே இந்தத் துணிகள் தலைமுறை தலைமுறையாகச் சடங்குப் பொருளாகப் பெட்டியில் வைக்கப்பட்டன. ஜப்பானுக்கு சரசா என்ற பெயரில் போனது. தேநீர்ச் சடங்குப் பாத்திரங்களுக்குச் சின்னப் பை தைத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவுக்குப் பெரிய கட்டில் விரிப்பு. பாறைமேட்டிலிருந்து வளைந்து எழும் ஒரு மரம், அதில் உலகத்தில் எங்குமே பூக்காத பூக்கள். ஒரே கரை, ஒரே சாயம், ஒரே எழுதுகோல், நான்கு பாணி. ஒரு பாணியை வைத்து ஓர் ஓவியரைக் கண்டுபிடி என்றால் யாரைக் கண்டுபிடிப்பது?

பாணியை முடிவு செய்தவர் வாங்குகிறவர். கம்பெனிகள் ஐரோப்பாவிலிருந்து மாதிரி வடிவங்களை அனுப்பின. 1643இல் லண்டனிலிருந்து சூரத்துக்கு ஒரு கடிதம் போகிறது: சிவப்புப் பின்னணி இங்கே அவ்வளவாகப் போகவில்லை, பின்னணியில் வெள்ளையைக் கூட்டி நடுவே பூக்கொடி போட்டு அனுப்புங்கள் என்ற பொருளில். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் துறையில் யாருக்கும் சிரிப்பு வரும். கடல் தாண்டிய கிளையன்ட், பாதி வேலையில் ரிக்வயர்மென்ட் மாற்றம்! நான்கு நூற்றாண்டாகியும் இந்தக் கரை கற்றுக்கொண்ட தொழில் இதுதானோ என்று சிரிப்புக்குப் பிறகு கொஞ்சம் கசந்தது.

அந்த வெள்ளைப் பின்னணிப் பூமரத்தைத்தான் உலக அருங்காட்சியகங்கள் 'இந்தியப் பாணி' என்று மாட்டி வைத்திருக்கின்றன. அதில் பாரசீகம் இருக்கிறது, சீனம் இருக்கிறது, ஐரோப்பியப் பூத்தையல் இருக்கிறது. கலப்படம் என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான். எப்படி வரைந்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வெளுத்த துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் பிறகு தீட்டும் திரவம் பரவாது. துளையிட்ட தாளை விரித்துக் கரித்தூள் தட்டினால் வடிவம் புள்ளியாக இறங்கும். எழுதுகோல் ஒரு மூங்கில் குச்சி. நடுவே கம்பளியோ மயிரோ சுற்றிய குமிழ். அதில் திரவம் தேங்கும், விரலால் அழுத்தினால் நுனிக்கு இறங்கும். கறுப்புக்கு, துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்த நீர். கடுக்காய் ஏறிய துணியில் அது பட்டதும் கறுக்கும். இதுவரை சுலபம். கை போட்டது கண்ணுக்குத் தெரிகிறது.

சிவப்பில்தான் விஷயமே இருக்கிறது. சிவப்பை யாரும் சிவப்பாக வரைவதில்லை. எழுதுகோலில் இருப்பது படிகார நீர், நிறமே இல்லாதது. எங்கே போட்டோம் என்று தெரிவதற்காகக் கொஞ்சம் கழுவிப்போகும் சாயம் கலந்துகொள்வார்கள், அவ்வளவுதான். அடர் சிவப்பா, ரோஜா நிறமா என்பது படிகாரத்தின் அடர்த்தியைப் பொறுத்தது. வரைந்து முடித்த துணியைச் சாயவேர் போட்ட கொப்பரையில் காய்ச்சுவார்கள். இம்பூறல் என்றும் சொல்லும் அந்தச் செடி இந்தக் கரையோர மணலில் வளர்வது. வேரிலுள்ள சிவப்பு, படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் பிடித்துக்கொள்ளும். மற்ற இடங்களைச் சாணநீரிலும் வெயிலிலும் வெளுத்து எடுத்துவிடலாம். அப்போதுதான் வரைந்தவருக்கே தெரியும், தான் என்ன வரைந்தோம் என்று. திருத்த வழியே கிடையாது.

நீலம் இன்னும் சுற்றுவழி. அவுரித் தொட்டியில் துணியை முழுசாக முக்க வேண்டும். அதனால் நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி மறைக்க வேண்டும். மெழுகு காத்தது தப்பும், விட்டது நனையும்.

ரெம்ப்ராண்ட் செம்புத்தகட்டில் செய்ததும் இதேதான்! தகட்டின் மேல் மெழுகு கலந்த பூச்சு. ஊசியால் கீறிய இடத்தில் மெழுகு விலகும். அமிலத்தில் முக்கினால் விலகிய இடத்தை மட்டும் அரிக்கும். பிறகு மை, தாள், அழுத்தம். கடைசித் தாளை உரித்தெடுக்கும்வரை படம் கையில் இல்லை, மனசில்தான் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ஒருவர் மெழுகையும் அமிலத்தையும் வைத்துக்கொண்டும், இந்தக் கரையில் பலர் மெழுகையும் அவுரியையும் வைத்துக்கொண்டும், ஒரே பத்தாண்டுகளில் பார்க்காமல் வரைந்துகொண்டிருந்தார்கள். நடுவே ஓடிய கப்பல்கூட ஒரே கம்பெனியுடையது. ஒருவர் சறுக்கினால் அது வலம்புரி, அதைப் பற்றிக் கட்டுரைகள். மற்றவர் சறுக்கியிருந்தால் துணியை மறுதலித்திருப்பார்கள்.

இந்த வேலையைப் பார்த்து எழுதி வைத்தவர்கள் சிலர் உண்டு. கம்பெனி ஊழியரான டேனியல் ஹவார்ட் 1693இல் வெளியிட்ட நூலில், சித்திரத் துணிக்காரர்கள் நத்தைபோல நகர்கிறார்கள், முன்னேறுவதே தெரியவில்லை என்கிறார். பொறுமைக்கு உருவம் கொடுக்க விரும்புகிறவருக்கு இவர்களில் ஒருவரே போதும் என்றும் சேர்க்கிறார். அவர் பார்த்தது வடக்கே கோதாவரிப் பக்கத்துப் பாலகொல்லுவில். 1742இல் ஏசுசபைப் பாதிரியார் கேர்து, மதம் மாறிய சித்திரக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு முழுச் செய்முறையையும் பிரான்சுக்குக் கடிதமாக அனுப்பினார். (சமஸ்கிருதமும் லத்தீனும் உறவு என்று முன்கூட்டியே கண்ட அதே கேர்துதான்.) அவருக்குச் சற்று முன்பு, பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படைக்காரர் புதுச்சேரியில் தன் கண்முன் ஒரு துணியை வரையச் செய்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். எங்கள் மொழியில் சொன்னால் ஒவ்வொரு கமிட்டையும் சேமித்திருக்கிறார். ஆனால் கமிட் செய்தவர் யார் என்ற இடம் காலி.

இவர்கள் எழுதியது கலை ரசனையால் அல்ல. தொழில் ரகசியம் வேண்டியிருந்தது. இந்தத் துணி ஐரோப்பாவை அப்படி ஆட்டிவைத்தது. நெசவாளர் பிழைப்பு போகிறதென்று பிரான்ஸ் 1686இல் தடை போட்டு 1759 வரை நீக்கவில்லை. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றியது. 1719இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் போகும் பெண்களின் பருத்தி உடையைக் கிழித்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் அந்த வம்பு இல்லை. அங்கே ஹிண்டலோப்பன் என்ற சின்னத் துறைமுக ஊரில், கப்பலோட்டிகளின் வீட்டுப் பெண்கள் சீட்டித்துணியில் நீள மேலங்கி தைத்துப் போட்டுக்கொண்டார்கள். சந்தோஷத்துக்குச் சிவப்பு, துக்கத்துக்கு நீலம் வெள்ளை. புருஷன் கடலுக்குப் போன ஒரு ஊரில், இன்னொரு கடற்கரையின் சாயம் துக்கத்துக்கு அளவாகப் பொருந்தியிருக்கிறது.

கப்பலில் துணி மட்டும் போகவில்லை. 1620களிலிருந்தே பழவேற்காட்டிலிருந்து பத்தேவியாவுக்கு ஆட்களை அடிமைகளாக ஏற்றினார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் சூறையாடியபோது சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இலங்கைக்கும் மலாக்காவுக்கும் பத்தேவியாவுக்கும் போனார்கள். கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில்தான் ரெம்ப்ராண்ட், ஆம்ஸ்டர்டாமுக்கு வந்துசேர்ந்த மொகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்துக்கொண்டிருந்தார். இருபதுக்கும் மேற்பட்டவை மிஞ்சியிருக்கின்றன, பல ஜப்பானியத் தாளில். தாளும் கம்பெனி கொண்டுவந்ததே. அந்தப் படங்களில் அவர் கோடு மெலிந்து, பணிவாக ஓடுகிறது. தன் பாணியைக் கழற்றி வைத்துவிட்டு, பெயர் தெரியாத ஒரு இந்திய ஓவியரின் பாணியில் நடந்து பார்க்கிறார். நான்கு பெரியவர்கள் மரத்தடியில் அமர்ந்திருக்கும் ஒரு படத்தின் அமைப்பை, 1656இல் ஆபிரகாம் தேவதூதர்களுக்கு விருந்தளிக்கும் எட்சிங்கில் பயன்படுத்தியும் இருக்கிறார். ரெம்ப்ராண்டை எனக்கு அதிகம் பிடிக்க இந்தப் படிகள்தான் காரணம். அவை ஏறி வந்த கம்பெனிக் கப்பல்களின் கணக்கு தெரியாதவன்போல இப்போது அவற்றைப் பார்க்க முடிவதில்லை. பார்ப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

சரி, நம் சித்திரக்காரரின் 'தான்' எங்கே? நான் தேடிக் கண்டுகொண்ட இடத்தைச் சொல்கிறேன். பெரிய கட்டில் விரிப்புகளின் படங்களை உருப்பெருக்கிப் பாருங்கள். மரம், கொடி, ஓரப் பட்டை எல்லாம் ஆர்டர்படி. ஆனால் ஒரு இலைக்குள் நுழைந்தால் உள்ளே மீன்செதில், அலை, புள்ளிக் கட்டம், முறுக்கு என்று நிரப்பியிருக்கிறார்கள். பக்கத்து இலைக்குள் வேறு. அடிப்பாறையின் ஒவ்வொரு மடிப்பிலும் வேறு. மெழுகால் மயிரிழைக் கோடு போட்டு, சிவப்புக்குள் வெள்ளையாக விட்டவை அவை. கட்டிலில் படுப்பவர் கண்ணுக்கு அது தெரியப்போவதில்லை. அங்கே ஆர்டர் மௌனமாக இருக்கிறது, அங்கே கை பேசுகிறது. எந்தக் கை என்று கேட்டால் தெரியாது. ஆனால் மீன்செதில் போட்ட கையும் புள்ளி வைத்த கையும் ஒன்றல்ல என்று மட்டும் சில சமயம் தோன்றும். என் அபிமான ஓவியர் பட்டியலில் மீன்செதில்காரருக்கு இப்போது இடமுண்டு.

இந்தக் கரையின் மெழுகு கதை அங்கேயே முடிந்துபோகவில்லை. 1966இல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஓவியக் கல்லூரிக்காரர்கள் ஒரு கிராமம் அமைத்தார்கள். பெயர் சோழமண்டலம். நிலம் வாங்கக் காசு வந்தது பெரும்பாலும் பாட்டிக் துணியில். மெழுகு பூசிச் சாயத்தில் முக்கும் அதே வித்தை. மாலையில் விற்பதற்குத் துணி, மற்ற நேரத்தில் தனக்கென்று ஓவியம். ஆர்டரையும் 'தானை'யும் ஒரே ஆள் இரண்டு ஷிஃப்டாகப் பிரித்துக்கொண்டார். அங்கே வாழ்ந்து 1973இல், முப்பத்திரண்டாவது வயதுவாக்கில் இறந்துபோன கே. ராமானுஜத்தின் பேனா ஓவியங்களைப் பார்த்தால், மாளிகை, பாம்பு, பறக்கும் உருவங்கள், நடுவே தொப்பி வைத்த ராமானுஜம். தாளில் ஒரு விரல் இடமும் விடாமல் நுண்கோடு. எனக்கு அந்த இலைகளின் உட்புறம் ஞாபகம் வரும். ராமானுஜத்துக்குப் பெயர் இருக்கிறது, அது பெரிய ஆறுதல்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. பழைய கட்டில் விரிப்புகளில் இலைகள் பெரும்பாலும் நீலமாக இருக்கும். கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கரையில் பச்சை தனிச் சாயமாக இல்லை. அவுரி நீலத்தின் மேல் கடைசியாக மஞ்சள் தீட்டுவார்கள். மஞ்சள் உறுதியற்றது, வெளிச்சத்திலும் துவைப்பிலும் போய்விடும், அவுரி நிற்கும். வெர்மீரின் 'சிறிய தெரு' ஓவியத்திலும் சுவரோரத்துச் செடிகொடி நீலம் பாய்ந்து கிடக்கும், அதே காரணம்தான். முத்துத்தோடு போட்ட அவருடைய பெண்ணுக்குப் பின்னால் இருக்கும் புகழ்பெற்ற இருட்டும் இருட்டு அல்ல. கறுப்பின் மேல் அவுரியும், வெல்ட் என்ற செடியின் மஞ்சளும் கலந்து பூசிய பச்சை. 2018இல் ஹேகிலுள்ள மாரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்தில் அவளைக் கருவிகளின் முன் உட்காரவைத்து ஆராய்ந்தபோது, அங்கே மடிப்புகளோடு ஒரு பச்சைத் திரை தொங்கியது தெரியவந்தது. மேல் வலது மூலையில், மடிப்பு மடிப்பாக.